மன்னிப்பா, கோர்ட்டா, கச்சாச்சாவா? ருவாண்டா கணக்கைப் பிரிச்சுப் பாத்தா

உள்நாட்டுச் சண்டை முடிஞ்ச நாட்டுல அடுத்து என்ன பண்றதுன்னு பேச்சு எடுத்தா ரெண்டு பேரு தவறாம வரும், தென்னாப்பிரிக்கா, ருவாண்டா. தென்னாப்பிரிக்கான்னா "மன்னிச்சு விட்டாங்க", ருவாண்டான்னா "ஊர்லயே கச்சாச்சாங்கற கோர்ட் வச்சு முடிச்சாங்க, வெளிநாட்டு உதவியே வேணாம்னு சொல்லி முன்னேறிட்டாங்க", அவ்ளோதான், ஒரு வரியில மேட்டர் ஓவர். ரெண்டுமே பாதி உண்மை. 1994 இனப்படுகொலைக்கு அப்புறம் ருவாண்டாவைக் கையில எடுத்த பால் ககாமே முன்னாடி அப்போ அஞ்சு வழி இருந்துச்சு, அஞ்சுக்கும் தனித்தனி விலை, அதுல எதை எடுத்தார் எதை ஒதுக்கினார்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காம அந்த ஆளைப் பத்தி ஆஹா ஓஹோன்னோ சர்வாதிகாரின்னோ ஒத்த வார்த்தையில தீர்ப்பு சொல்றது எனக்குச் சரியாப் படல.

நிலைமை என்னன்னு தெரிஞ்சா தான் வழிகளைப் பத்தி பேச முடியும். 1994 ஏப்ரல் 6 ராத்திரி ஜனாதிபதி ஹபியாரிமானா வந்த விமானத்தை தலைநகர் கிகாலியில சுட்டு வீழ்த்தினாங்க, அன்னிக்கு ராத்திரியே கொலை ஆரம்பிச்சது, ஜூலை நடுவரைக்கும் சுமார் நூறு நாள், ஐ.நா. கணக்குல 8 லட்சம் பேர், ருவாண்டா அரசாங்கக் கணக்குல 10 லட்சத்துக்கு மேல. செத்தவங்க பெரும்பாலும் டுட்சிங்கற சிறுபான்மை இனம், அவங்களோட சேத்து பெரும்பான்மை இனமான ஹூட்டுல கொலையை எதிர்த்தவங்களும். கொன்னது ராணுவமும் இன்டராஹாம்வே கும்பலும் மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியாரு, சில இடத்துல பாதிரியாரு. ஆர்.டி.எல்.எம். ரேடியோ பேரு சொல்லி ஆளைக் காட்டிக் குடுத்துச்சு. ஐ.நா. படை அங்கேயே இருந்துச்சு, ஆனா ஏப்ரல் 21-ம் தேதி பாதுகாப்பு கவுன்சில் அதை 270 பேரா குறைச்சிடுச்சு, ஆமா, கொலை நடக்குறப்போ குறைச்சாங்க. ஜூலை 4-ல ககாமேவோட ஆர்.பி.எஃப்.ங்கற டுட்சி கிளர்ச்சிப் படை கிகாலியைப் பிடிச்சுது, 19-ம் தேதி புது அரசாங்கம், பேருக்கு பிஸிமுங்கு ஜனாதிபதி, ககாமே துணை ஜனாதிபதி பிளஸ் பாதுகாப்பு அமைச்சர், ஆனா கடிவாளம் யாரு கையிலன்னு எல்லாருக்கும் தெரியும். 2000-ல அவரே ஜனாதிபதி ஆனார், இன்னிக்கு வரைக்கும் அவர் தான்.

ஆக கேள்வி இது தான். கேரளாவைவிட சின்ன நாடு, கொன்னவங்களும் தப்பிச்சவங்களும் அதே மலைச்சரிவுல பக்கத்துப் பக்கத்து வீடு, ஜட்ஜுங்க வக்கீலுங்க பாதிப் பேர் செத்தாச்சு இல்ல ஓடியாச்சு, கஜானா காலி. என்ன பண்ணுவீங்க?

முதல் வழி, எதையும் தோண்டாம விடுறது. மொசாம்பிக் அப்படித் தான் பண்ணுச்சு. 1977-லேர்ந்து சண்டை, 1992 அக்டோபர்ல ரோம்ல ஒப்பந்தம், கையெழுத்து காயறதுக்குள்ள பொதுமன்னிப்புச் சட்டம், விசாரணை கமிஷன் ஒண்ணும் கிடையாது. கிராமங்கள்ல வைத்தியர்களை வச்சு சடங்கு பண்ணி சண்டைக்குப் போன பசங்களைச் சேத்துக்கிட்டாங்க. கேக்க மோசமா இருந்தாலும் இருபது வருஷம் தாங்குச்சு, 2013-ல தான் பழைய கிளர்ச்சிப் படையான ரெனாமோ திரும்ப துப்பாக்கி எடுத்துச்சு. ருவாண்டாவுல இது ஏன் முடியாதுன்னா, 1959, 1963, 1973னு டுட்சிகளைக் கொன்ன ஒவ்வொரு தடவையும் யாரும் தண்டனை வாங்கல. ககாமேவே கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய வயசுல குடும்பத்தோட உகாண்டாவுக்கு ஓடி அகதி முகாம்ல வளந்தவர். தண்டனை இல்லாமப் போனது தான் 94-ல வந்து முடிஞ்சதுன்னு அவங்க வாதம், அதுல எனக்கு மறுப்பே இல்ல. அதோட கொலைகாரத் தலைவனுங்க எல்லையைத் தாண்டி ஜைர்ல, அதாவது இன்னிக்கு காங்கோவுல, உக்காந்து திரும்ப வர ஆயுதம் சேத்துக்கிட்டு இருந்தாங்க, அவனுங்க கிட்ட போய் மறப்போம்னு எப்படி சொல்றது? இந்த வழியை இத்தோட விடலாம்.

ரெண்டாவது, உண்மையைச் சொன்னா மன்னிப்பு, அதாவது தென்னாப்பிரிக்க மாடல். நிறவெறி ஆட்சி முடிஞ்சதும் 1995-ல சட்டம் போட்டு ஒரு கமிஷன், பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமை. இதைப் பத்தி நம்ம ஊர்ல ஒரு தப்பான நினைப்பு, வந்து அழுதா எல்லாரையும் மன்னிச்சாங்கன்னு. மன்னிப்பு கேட்டு மனு போட்டவங்க 7,112 பேர், கிடைச்சது 849 பேருக்கு. நல்ல விஷயம் தான். பிரச்சனை அதுக்கு அப்புறம் வந்துச்சு, மன்னிப்பு கிடைக்காதவங்க, மனுவே போடாதவங்க மேல கேஸ் போடணும்ல, அந்த ஃபைலுங்க எல்லாம் வருஷக்கணக்கா தூங்கிடுச்சு, பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆளுக்கு 30,000 ராண்ட் ஒரே தடவை குடுத்து அனுப்பினாங்க. இலங்கை விஷயத்துலயும் இந்த மாடலை ரொம்பப் பேசினாங்க, 2014-ல தென்னாப்பிரிக்கா ராமபோசாவை இலங்கைக்கு சிறப்புத் தூதரா போட்டது கூட அந்த எதிர்பார்ப்புல தான்.

தென்னாப்பிரிக்காவுல மன்னிப்பு ஒரு பேரத்தோட விலைங்கறதை மறக்கக் கூடாது. போலீஸ், ராணுவம், பணம் எல்லாம் பழைய வெள்ளைக்கார ஆளுங்க கையில, அவங்க சம்மதம் இல்லாம தேர்தலே நடந்திருக்காது. ருவாண்டாவுல ஆர்.பி.எஃப். முழுசா ஜெயிச்சுது, யார் சம்மதத்தையும் விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்ல. டுட்டு 1995-ல ருவாண்டா போய் தண்டனையை மட்டும் நம்பாதீங்க, பழிக்குப் பழின்னு சுத்திக்கிட்டே இருக்கும்னு சொல்லிப் பாத்தார், யாரும் கேக்குற மனநிலையில இல்ல, பிணங்கள் இன்னும் சர்ச்சுக்குள்ள கிடந்த நேரம் அது. ஆனா அந்த பேரம் ஒரு நல்லதும் பண்ணுச்சு. டுட்டு கமிஷன் ஜெயிச்சவங்களையும் விசாரிச்சுது. 1998 ரிப்போர்ட்ல மண்டேலாவோட கட்சியான ஏ.என்.சி. அவங்க முகாம்கள்ல பண்ண சித்திரவதையையும் எழுதினாங்க, ஏ.என்.சி. ரிப்போர்ட்டை நிறுத்தச் சொல்லி கோர்ட்டுக்கே போச்சு, தோத்துது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ககாமே விஷயத்துல இங்க தான் இடிக்கும்.

மூணாவது, வெளிநாட்டு கோர்ட். 1994 நவம்பர் 8-ம் தேதி பாதுகாப்பு கவுன்சில் 955-ம் தீர்மானம் போட்டு ருவாண்டாவுக்குன்னு சர்வதேச தீர்ப்பாயம் அமைச்சுது. வேடிக்கை என்னன்னா அந்த வருஷம் ருவாண்டாவும் கவுன்சில்ல தற்காலிக உறுப்பினர், முதல்ல இப்படி ஒரு கோர்ட் வேணும்னு கேட்டதும் அவங்க தான், வோட்டெடுப்புல எதிர்த்து வோட்டு போட்ட ஒரே நாடும் அவங்க தான். மரண தண்டனை கிடையாது, 1994-ம் வருஷத்துக்குள்ள நடந்ததை மட்டும் தான் பாப்போம், அதுக்கு முன்னாடி போட்ட திட்டத்தைப் பாக்க மாட்டோம், இதெல்லாம் அவங்களுக்குப் பிடிக்கல. கடைசியில கோர்ட் உக்காந்ததும் ருவாண்டாவுல இல்ல, தான்சானியாவுல அருஷாங்கற ஊர்ல. கொலை நடந்த மலையில இருக்குற ஒரு விதவைக்கு அருஷாவுல என்ன நடக்குதுன்னு ரேடியோவுல கேட்டாத் தான் உண்டு.

அந்தக் கோர்ட்டை நான் லேசா எடை போட மாட்டேன். 1998 செப்டம்பர் 2-ல அகயேசு தீர்ப்பு, டாபா ஊரோட மேயர், இனப்படுகொலைக்குன்னு ஒரு சர்வதேச கோர்ட் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்ன முதல் ஆளு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையோட ஒரு பாகமா இருக்க முடியும்னு முதல் தடவை சொன்னதும் அதே தீர்ப்பு. அந்த பெஞ்சுல இருந்த மூணு பேர்ல ஒருத்தர் நவநீதம் பிள்ளை, டர்பன்ல ஒரு தமிழ்க் குடும்பத்துல பஸ் டிரைவர் மகளாப் பிறந்தவங்க, பின்னாடி ஐ.நா. மனித உரிமை ஆணையரா இருந்தப்போ இலங்கை சம்பந்தமா அவங்க பேரை நாம தினமும் கேட்டோம், ஆனா அவங்க வாழ்க்கையிலயே பெரிய வேலை இது தான்னு எனக்குத் தோணும். இடைக்காலப் பிரதமரா இருந்த கம்பண்டா தானே ஒத்துக்கிட்டு ஆயுள் தண்டனை வாங்கினார், ரேடியோ நடத்தினவங்களுக்கும் தண்டனை கிடைச்சுது. இதெல்லாம் கிகாலி கோர்ட் பண்ணியிருந்தா பழிவாங்கிட்டாங்கன்னு உலகம் சொல்லியிருக்கும்.

ஆனா கணக்கைப் பாருங்க. 2015 கடைசியில மூடுறப்போ மொத்தம் குற்றம் சாட்டப்பட்டவங்க 93, தண்டனை 62, விடுதலை 14. செலவு 200 கோடி டாலர் அளவுக்கு. 21 வருஷம். திட்டம் போட்ட பெரிய தலைகளுக்கு இது சரி, லட்சக்கணக்குல கத்தி எடுத்தவங்களை என்ன பண்றது?

அதுக்கு நாலாவது வழி, நாட்டோட சொந்த கோர்ட். 1996-ல சட்டம் போட்டு குற்றத்தை நாலு வகையா பிரிச்சாங்க, அந்த வருஷக் கடைசியில விசாரணை ஆரம்பிச்சுது. 1998 வாக்குல ஜெயில்ல 1,30,000 பேர், இருந்த இடம் 12,000 பேருக்கு. நின்னுக்கிட்டே தூங்கினாங்க, கால் அழுகிச் செத்தவங்க உண்டு. அதுவரைக்கும் விசாரிச்சு முடிச்சது சுமார் 1,300 பேர். நீங்களே வகுத்துக்கோங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்கு நடுவுல 1998 ஏப்ரல் 24-ல 22 பேரை பொது இடத்துல கூட்டத்துக்கு முன்னாடி சுட்டுக் கொன்னாங்க, போப் வரைக்கும் வேணாம்னு சொல்லியும். அதுக்கப்புறம் மரண தண்டனை நிறைவேத்தல, 2007-ல சட்டத்துலேர்ந்தே எடுத்துட்டாங்க. எடுத்ததுக்கு ஒரு காரணம் மனசு மாறினது மட்டும் இல்ல, மரண தண்டனை இருக்குற நாட்டுக்கு அருஷாவும் ஐரோப்பாவும் ஆளை அனுப்ப மாட்டேன்னு சொன்னது தான்.

அப்போ தான் அஞ்சாவது, கச்சாச்சா. இதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா ககாமேவோட மொத்த யோசனையும் இதுல இருக்கு. பழைய காலத்துல ஊர்ப் பெரியவங்க புல்தரையில உக்காந்து நில வழக்கு, மாட்டு வழக்கு பேசித் தீக்குறது, கொலைக்கெல்லாம் கிடையாது. அந்தப் பேரை எடுத்து அதுக்குள்ள ஒரு புது கோர்ட்டை வச்சாங்க. 2001-ல சட்டம், அதே வருஷம் அக்டோபர்ல ஊர் ஊரா தேர்தல் வச்சு ரெண்டரை லட்சம் பேரை நீதிபதியா எடுத்தாங்க, விவசாயி, வாத்தியாரு, வீட்டுல இருக்குற அம்மா, யாருக்கும் சம்பளம் இல்ல, சட்டம் படிச்சதில்ல, சில நாள் ட்ரெயினிங் தான். ஒரு பெஞ்சுல ஆரம்பத்துல 19 பேர், அவ்ளோ பேரைத் தேத்த முடியாம 9 ஆக்கினாங்க. 2002-ல சில இடத்துல வெள்ளோட்டம், 2005-லேர்ந்து நாடு பூரா, சுமார் 12,000 கோர்ட்.

நடக்குற விதம் என்னன்னா, வாரத்துல ஒரு நாள் கடையெல்லாம் மூடிட்டு ஊரே வந்தாகணும். முதல் வேலை தீர்ப்பு இல்ல, பட்டியல். 94 ஏப்ரலுக்கு முன்னாடி எந்தெந்த வீட்டுல யாரு யாரு இருந்தாங்க, அதுல யாரு செத்தாங்க, யாரு கொன்னா, ஓட்டுல தகரம் யாரு எடுத்துட்டுப் போனா, மாடு யாரு அறுத்தா. பிங்க் கலர் ஜெயில் உடுப்புல ஆளைக் கொண்டு வந்து நிறுத்துவாங்க, அவன் சொல்வான், ஊரு கேக்கும், மறுக்கும், கத்தும், அழும். முழுசா ஒத்துக்கிட்டு பிணம் எங்க போட்டேன்னு காட்டி மன்னிப்பும் கேட்டா தண்டனை பாதியாகும், அந்தப் பாதியிலயும் ஒரு பகுதி ஜெயிலுக்குப் பதிலா பொது வேலை, ரோடு போடுறது, சரிவுல படிவயல் வெட்டுறது, தப்பிச்சவங்களுக்கு வீடு கட்டுறது. நிறைய பேருக்கு தன் புள்ளையோட எலும்பு எந்தக் குழியிலன்னு தெரிஞ்சதே இதுல தான், அது அருஷா இருநூறு வருஷம் நடந்தாலும் குடுத்திருக்க முடியாது.

பட்டியல் எடுக்க எடுக்க 1,30,000ன்னு நினைச்சது பத்து லட்சம் பேரைத் தொட்டுச்சு. 2012 ஜூன்ல மூடுறப்போ 19 லட்சத்துக்கு மேல கேஸ் முடிஞ்சிருந்துச்சு, அதுல 13 லட்சம் சொத்து கொள்ளையடிச்ச கேஸ். அரசாங்கக் கணக்குல செலவு 5 கோடி டாலருக்குள்ள. அருஷாவோட செலவுல நாப்பதுல ஒரு பங்கு.

குறை இல்லாமயா? நிறைய. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் கிடையாது, அதை சட்டமே அனுமதிக்கல. நிலத் தகராறுல இருக்குறவன் மேல கொலைப் பழி போட்ட கதை உண்டு, காசு குடுத்து சாட்சி மாத்துன கதை உண்டு, சாட்சி சொன்ன டுட்சிகளைக் கொன்ன சம்பவங்களும் உண்டு. 2003-ல ககாமே ஒத்துக்கிட்ட கைதிங்க, வயசானவங்க, நோயாளிங்கன்னு இருபதாயிரத்துக்கு மேல வெளிய விட்டப்போ ஊர்ல தப்பிச்சவங்க பயந்து நடுங்கினாங்க. 2008-ல பாலியல் குற்ற கேஸுங்களையும் கச்சாச்சாவுக்கே தள்ளினாங்க, மூடுன அறையில தான் விசாரணைன்னாலும் ஜட்ஜ் பக்கத்து வீட்டுக்காரர் ஆச்சே, எந்தப் பொண்ணு வாயைத் திறப்பா? நஷ்ட ஈடு நிதின்னு பேசினாங்க, தேவைப்படுறவங்களுக்கு உதவி நிதி இருந்துச்சு, படிப்புச் செலவு வைத்தியச் செலவு குடுத்தாங்க, ஆனா செத்த ஆளுக்குன்னு நஷ்ட ஈடு எப்பவும் வரல. கொள்ளையடிச்சவனைத் திருப்பிக் குடுன்னா அவன் கிட்ட சட்டை தவிர ஒண்ணும் இல்ல.

இவ்ளோ குறையோடயும் அந்த அஞ்சுல எனக்கு இது தான் மேல. காரணம் ரொம்ப சாதாரணம், மத்ததெல்லாம் அந்த எண்ணிக்கைக்கு முடியவே முடியாது, இது முடிஞ்சுது. பாதி நீதி வாங்கினவங்க லட்சம் பேர்னா, முழு நீதிக்குக் காத்திருந்து ஜெயில்லயே செத்திருக்கக் கூடியவங்களும் லட்சம் பேர்.

2014-ல இருபதாம் வருஷ நினைவு நாள்ல ககாமே பேசினப்போ நாங்க மூணு முடிவு எடுத்தோம்னார், சேந்தே இருப்போம், எங்களுக்கு நாங்களே பொறுப்புச் சொல்லுவோம், பெருசா யோசிப்போம்னு. நல்லிணக்கம், பொறுப்புக்கூறல், வெளிநாட்டு உதவி, இந்த மூணு விஷயத்துலயும் அவர் பேசினதை வரிசையா வச்சுப் பாத்தா அடியில இருக்கறது ஒரே எண்ணம் தான், வெளியாளு வந்து எங்களுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. 94-ல ஐ.நா. படையைக் குறைச்சதைப் பாத்தவர், அப்படித் தான் நினைப்பார், நானா இருந்தாலும் நினைப்பேன். ஆனா அவர் சொன்ன அந்த ரெண்டாவது வரியில ஒரு ஓட்டை இருக்கு. எங்களுக்கு நாங்களேன்னா, "நாங்க" கிட்ட யாரு கணக்கு கேக்குறது?

கச்சாச்சாவுல ஆர்.பி.எஃப். பண்ணதைப் பேசக் கூடாது. படை நாட்டைப் பிடிச்சுக்கிட்டு வரப்போவும் அதுக்கப்புறமும் ஹூட்டு மக்களைக் கொன்ன சம்பவங்கள் பதிவாகியிருக்கு. 1995 ஏப்ரல்ல ஊரை விட்டு ஓடின ஹூட்டுகள் தங்கியிருந்த கிபேஹோ முகாம்ல ஐ.நா. படை வீரர்கள் கண்ணு முன்னாடியே ஆயிரக்கணக்குல செத்தாங்க. 1996-97-ல ஜைருக்குள்ள போய் அகதிகளைத் துரத்தினப்போ நடந்ததை ஐ.நா. 2010-ல ஒரு பெரிய ரிப்போர்ட்டா போட்டுச்சு, அதுல சில சம்பவங்கள் கோர்ட்ல நிரூபணமானா இனப்படுகொலையாக் கூட பாக்கப்படலாம்னு எழுதியிருந்தாங்க, கிகாலி கொந்தளிச்சுது, ஐ.நா. அமைதிப் படைக்குக் குடுத்த ஆளுங்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்குவோம்னு மிரட்டுச்சு. அருஷா கோர்ட்டோட தலைமை அரசு வக்கீல் கார்லா டெல் பொன்டே ஆர்.பி.எஃப். பக்கமும் விசாரிக்கணும்னு ஆரம்பிச்சாங்க, 2002-ல சாட்சிங்க அருஷாவுக்குப் போறதுக்கே ருவாண்டா முட்டுக்கட்டை போட்டுச்சு, விசாரணைங்க நின்னுச்சு, 2003-ல அவங்களுக்கு அந்தப் பதவி புதுப்பிக்கப்படல, அவங்களே பின்னாடி சொன்ன காரணம் இது தான். 94-ல கத்தோலிக்க பிஷப்புகளைக் கொன்ன கேஸ்ல 2008-ல ராணுவ கோர்ட் ரெண்டு கேப்டனுக்குத் தண்டனை குடுத்துச்சு, மேல இருந்த அதிகாரிங்க விடுதலை. அவ்ளோ தான் கணக்கு.

ரெண்டும் சமம்னு நான் சொல்ல வரல, ஒரு இனத்தையே துடைச்செடுக்கத் திட்டம் போட்டதையும் போர்ல பழிக்குக் கொன்னதையும் ஒண்ணா வைக்க முடியாது, வைக்குறவங்க பல பேருக்கு 94-ஐ மழுப்புறது தான் நோக்கம். ஆனா ஒரு ஹூட்டு அம்மாவுக்கு தன் புள்ளை கிபேஹோவுல செத்ததை எங்கயும் சொல்ல இடமே இல்லைன்னா அது நல்லிணக்கம் ஆகாது. எதிர்க்கட்சித் தலைவி விக்டோயர் இங்காபிரே 2010-ல நாடு திரும்பி கிசோஸி இனப்படுகொலை நினைவிடத்துல நின்னு செத்த ஹூட்டுகளையும் நினைக்கணும்னு பேசினாங்க, அதையும் சேத்து கேஸாகி 15 வருஷ தண்டனை, 2018-ல மன்னிப்புல வெளிய வந்தாங்க, 2025-ல திரும்ப கைது. டுட்டு கமிஷன் ஏ.என்.சி.யை எழுதினதை இங்க வச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

ஊர்ல இன அடையாளத்தைப் பேசாம வச்சது நல்லிணக்கத்துக்கு நல்லதா கெட்டதான்னு பெரிய விவாதம் உண்டு. பெல்ஜியம் 1930-கள்ல அடையாள அட்டையில போட்ட ஹூட்டு, டுட்சிங்கற வரியை எடுத்தது நல்லது, அந்த வரி தான் 94-ல செக்போஸ்ட்ல உயிரைத் தீர்மானிச்சுது. மாசக் கடைசி சனிக்கிழமை எல்லாரும் சேந்து ஊர் வேலை செய்ற உமுகாண்டாவும் நல்லது தான்.

இப்போ உதவி. இதுலயும் மூணு வழி. காசு குடுக்குறவன் சொல்றபடி ஆடுறது ஒண்ணு. மலாவி பட்ஜெட்ல பெரும் பங்கு உதவியில ஓடிச்சு, 2013-ல கஜானாக் கொள்ளை வெளிய வந்ததும் குடுத்தவங்க கையை இழுத்துக்கிட்டாங்க, ஆஸ்பத்திரியில மருந்து இல்லாமப் போச்சு, திருடினவன் நல்லாத் தான் இருந்தான். எல்லாத்தையும் வேணாம்னு சொல்றது ரெண்டாவது, எரித்ரியாவுல ஜனாதிபதி இசையாஸ் 2005-ல அமெரிக்க உதவி ஏஜென்சியையே கிளம்புன்னு சொல்லிட்டார், கௌரவம் மிஞ்சுச்சு, இளைஞர்கள் கடல் தாண்டி ஓடுறாங்க.

ககாமே பேசுறது ரெண்டாவது மாதிரி இருக்கும், செய்றது மூணாவது. காசை வாங்கு, ஆனா எங்க செலவழிக்கணும்னு நான் சொல்றேன். உதவியோட வேலையே உதவி தேவைப்படாம ஆக்குறது தான்னு அவர் பல தடவை சொல்லியிருக்கார். அந்த வெறுப்புக்குக் காரணம் உண்டு. 94 ஜூலைக்கு அப்புறம் உலகத்தோட உதவிப் பணம் மொத்தமா போனது கிகாலிக்கு இல்ல, ஜைர்ல எல்லையோரம் இருக்குற கோமா பக்கத்து அகதி முகாம்களுக்கு, அங்க சோறு பங்கு போட்டது கொலைகாரத் தலைவனுங்களே. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்போட பிரெஞ்சு கிளை இது சரியில்லன்னு அந்த வருஷமே வெளியேறுச்சு. அதுக்கு முன்னாடி, 94-க்கு முந்தி வரைக்கும், உதவி அமைப்புகளுக்கு ருவாண்டா ஒரு நல்ல பையன் நாடு, ரிப்போர்ட் எல்லாம் பிரமாதம், அடியில கத்தி தீட்டுனது யாரு கண்ணுலயும் படல.

அவர் நடத்துன விதம் சாமர்த்தியம். 2000-கள் நடுவுல பட்ஜெட்ல பாதிக்கிட்ட வெளிநாட்டுக் காசு. பிரிட்டன் உதவியில வரி வசூல் அமைப்பைக் கட்டினாங்க, 10 சதவீதத்துக்குக் கீழ இருந்த வரி, ஜி.டி.பி.யில 15 சதவீதம் பக்கம் வந்துச்சு, உதவியை வச்சே உதவியைக் குறைக்குறதுன்னா இது தான். 2010-ல ஒரு விதி போட்டாங்க, எந்த நாடும் மூணு துறைக்கு மேல கை வைக்கக் கூடாது, எந்தத் துறைன்னு நாங்க சொல்லுவோம். ஐரோப்பியத் தூதரகங்களுக்கு எரிச்சல், ஆனா ஒத்துக்கிட்டாங்க, ஏன்னா காசு வேற இடத்துல மாதிரி காணாமப் போகல. மாவட்ட மேயருங்க வருஷா வருஷம் ஜனாதிபதி கூட ஒப்பந்தம் போடணும், இவ்ளோ வீட்டுக்குத் தண்ணி, இவ்ளோ கிலோமீட்டர் ரோடு, செய்யலைன்னா எல்லார் முன்னாடியும் கேள்வி. ஊர் அளவுல மருத்துவ இன்ஷூரன்ஸ், குழந்தைச் சாவு சரசரன்னு இறங்குச்சு. வறுமைப் புள்ளிவிவரத்துல மட்டும் எனக்கு முழு நம்பிக்கை இல்ல, 2019-ல ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை அந்த எண்களையே கேள்வி கேட்டுச்சு, அரசாங்கம் மறுத்துச்சு.

இந்த வழிக்கு வந்த சோதனைங்க மூணு. 2012-ல காங்கோவுல எம்-23 கிளர்ச்சிக்கு ருவாண்டா ஆதரவுன்னு ஐ.நா. நிபுணர்கள் சொன்னதும் அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி எல்லாம் காசை நிறுத்துச்சு. கிகாலி அகாசிரோன்னு சொந்த நிதி ஆரம்பிச்சு மக்கள் கிட்ட வசூல் பண்ணுச்சு, பேருக்கு விருப்பம், அரசு ஊழியர் யாரு குடுக்க மாட்டேன்னு சொல்வாங்க. அடுத்தது பழைய துணி. அமெரிக்காவுலேர்ந்து மூட்டை மூட்டையா வர உடுத்திய துணி மேல 2016-ல வரியை கிலோவுக்கு 20 சென்ட்லேர்ந்து ரெண்டரை டாலர் ஆக்கினாங்க, சொந்தத் தையல் தொழில் வளரட்டும்னு. அமெரிக்கா 2018-ல ருவாண்டா துணிக்கு இருந்த வரிச் சலுகையை நிறுத்துச்சு. பக்கத்து நாடுங்க பயந்து பின்வாங்கின இடத்துல ககாமே நின்னார், அந்த விஷயத்துல நான் அவர் பக்கம் தான். அப்படியே பிரிட்டனுக்கு வந்த அகதிகளை ஏத்துக்குறோம்னு பிரிட்டன் கிட்ட 29 கோடி பவுண்டு வாங்கினார், கடைசியில தானா விரும்பிப் போனது நாலு பேர், 2024-ல பிரிட்டனோட புது அரசாங்கம் ஸ்கீமையே மூடிடுச்சு. உதவி வேணாம்னு சொல்ற ஆளு செய்ற வேலையான்னு கேட்டா, அது உதவி இல்ல வியாபாரம்னு சொல்லுவார்.

மூணாவது சோதனை தான் பெருசு. 2025 ஜனவரியில எம்-23 கோமாவையே பிடிச்சுது, பிப்ரவரியில புக்காவு. அமெரிக்கா ருவாண்டா அமைச்சர் ஜேம்ஸ் கபரேபே மேல தடை போட்டுச்சு, பிரிட்டன் உதவியில பெரும்பகுதியை நிறுத்துச்சு, ருவாண்டாவே பெல்ஜியத்தோட இருந்த உறவை முறிச்சுக்கிச்சு. ஜூன்ல வாஷிங்டன்ல காங்கோ-ருவாண்டா ஒப்பந்தம். ககாமே சொல்றது பழைய பதில் தான், 94 கொலைகாரங்களோட மிச்சம் இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கு, எங்க பாதுகாப்பை நாங்க பாத்துக்குவோம், நீங்க காசை வச்சு மிரட்டாதீங்க. முதல் பாதி உண்மை தான், எஃப்.டி.எல்.ஆர்.ங்கற அந்த மிச்சப் படை அங்க இருக்கு. ஆனா காங்கோ ஜனங்களுக்குப் பொறுப்பு யாரு சொல்றதுன்னு கேட்டா பதில் இல்ல. ஊர்ல மாடு திருடினவன்லேர்ந்து மேயர் வரைக்கும் கணக்கு கேட்டார், பிரான்ஸ் கிட்ட கேட்டு 2021-ல மக்ரோன் கிகாலிக்கே வந்து எங்களுக்குப் பொறுப்பு உண்டுன்னு சொல்ற வரைக்கும் விடல. கீழயும் கேட்டாச்சு, வெளியவும் கேட்டாச்சு, அவர் உக்காந்திருக்குற மாடிக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏறவே இல்ல. 2024 தேர்தல்ல 99 சதவீத வோட்டு, 2015-ல மாத்தின அரசியல் சட்டப்படி 2034 வரைக்கும் இருக்கலாம்.

ஆக வேற ஒரு நாடு இன்னிக்கு இந்த முடிவை எடுக்கணும்னா என்னோட சிபாரிசு இது. கீழ்மட்டக் குற்றத்துக்கு ஊர் கோர்ட், ஆனா வக்கீல் வச்சுக்க உரிமையோட, பொண்ணுங்க கேஸை அதுல போடாம. திட்டம் போட்டவங்களுக்கு வெளிநாட்டு ஜட்ஜும் உள்ளூர் ஜட்ஜும் சேந்த கோர்ட், உக்கார வேண்டியது அந்த நாட்டுக்குள்ளேயே, அதோட அதிகாரம் ஜெயிச்ச பக்கத்துக்கும் சேத்து எழுதப்படணும், அதை சண்டை முடிஞ்ச முதல் வருஷத்துலயே எழுதிடணும், ஏன்னா ரெண்டாவது வருஷம் ஜெயிச்சவன் காலை ஊனிடுவான், அப்புறம் டெல் பொன்டேவுக்கு நடந்தது தான் நடக்கும். உதவியில ககாமேவோட மூணாவது வழியையே எடுங்க, மூணு துறை விதி, வரி வசூல் ரெண்டையும் கண்ணை மூடிக்கிட்டு காப்பி அடிக்கலாம். அந்தக் காசு எங்க போச்சுன்னு அந்த நாட்டு ஆடிட்டரும் பத்திரிகைக்காரனும் ஜெயில் பயம் இல்லாம எழுதலாம்னு மட்டும் ஒரு நிபந்தனை போட்டா போதும், மத்த நிபந்தனை எதையும் குடுக்குறவன் போட வேண்டியதில்ல.